வங்கக் கடலடி மண்ணை எடுத்துத் தந்தவர்களுக்கு நன்றி

கடலடியைத் துளைத்து ஆயும் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பலின் துளைப்பாளர்கள், தொழில்நுட்பப் பணியாளர்கள், எடுத்த மண்ணைச் சேமித்துவைக்கும் ஜப்பானின் கோச்சி கிடங்குப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2014 நவம்பர் முதல் 2015 ஜனவரி வரை, பன்னாட்டுக் கடலடித் துளைப்புத் திட்டத்தின் 353ஆம் ஆய்வுப் பயணத்தில் வங்கக் கடலிலும் அந்தமான் கடலிலும் நீங்கள் எடுத்த கோர்களை, அதாவது குழாயில் வந்த நீண்ட மண் உருளைகளை, கொண்டுதான் பல நாட்டவர் சேர்ந்து பருவமழையின் பழைய வரலாற்றைப் படித்துவருகிறோம். ஆய்வுக் கட்டுரைகளில் உங்கள் உழைப்பு ஒற்றை வரியோடு நின்றுவிடுகிறது. அது போதாது.

துளைப்பாளர்களே, நீரழுத்தத்தால் பாயும் உங்கள் குழாய் ஒரே வீச்சில் 9.5 மீட்டர் சேற்றுக்குள் இறங்கியது. ஆனால் கப்பல் அலையில் ஏறி இறங்குவதால், ஒரு கோரின் அடிக்கும் அடுத்ததன் தலைக்கும் நடுவே கொஞ்சம் மண் விட்டுப்போகும். அந்தத் துண்டுக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இருக்கக்கூடும். அருகிலேயே மறுபடி துளையிட்டு, தொடங்கும் ஆழத்தைச் சில மீட்டர் மாற்றிவைத்தீர்கள். ஒரு துளையில் விட்டுப்போனது இன்னொன்றில் கோரின் நடுப்பகுதியாக வந்துசேர்ந்தது. மண் எவ்வளவு எளிதில் காந்தமாகும் என்று காட்டும் காந்த ஏற்புத்திறன் வரைகோடுகளைத் துளைக்குத் துளை பொருத்தி, தொடரை முழுதாகக் கோக்க முடிந்தது அதனால்தான்.

கப்பல் தளத்தில் நின்ற கைகளுக்கு இன்னும் பெரிய நன்றி. கோர் மேலே வந்ததும் அழுத்தம் குறைய, மண்ணிலுள்ள மீத்தேன் வாயு விரிந்து மண்ணைப் பிளக்கும், குழாயை விட்டே வெளியே தள்ளும். கோரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையில் சிறு துளைகள் போட்டு வாயுவை வெளியேற்றி, 1.5 மீட்டர் துண்டுகளாக அறுத்து, தலைப்பக்கம் நீல மூடியும் அடிப்பக்கம் நிறமற்ற மூடியும் ஒட்டினீர்கள். இந்த மூடி மாறினால் காலமே தலைகீழாகிவிடும்.

மென்மையான கோரைக் கம்பியால் கீழிருந்து மேலாகப் பிளக்கும்போது பழைய மண் மேலே இழுபட்டு வெட்டுமுகத்தில் பூசிக்கொள்ளும். ஆகவே மாதிரி எடுக்குமுன் அந்த முகத்தைக் குறுக்காகத்தான் சுரண்ட வேண்டும். நெடுக்காகச் சுரண்டினால் அடுக்குகள் கலந்துபோகும். புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

கோச்சி நண்பர்களே, நீங்கள் 4 டிகிரிக் குளிரில் ஈரம் காக்காவிட்டால் மண் சுருங்கி வெடிக்கும். மண்ணிலுள்ள பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் ஆக்சிஜனோடு சேர்ந்து அமிலமாகி, பழைய மழையின் தடயமாக நாங்கள் தேடும் நுண்ணுயிர் ஓடுகளைக் கரைத்துவிடும். பிறகு எந்தச் சல்லடையில் அலசியும் பயனில்லை.

2024இல் அந்தக் கப்பலின் அறிவியல் துளைப்புப் பணி நிறுத்தப்பட்டது எங்களுக்குப் பெரிய இழப்பு. நீங்கள் சேர்த்துவைத்த கோர்களில், நெடுக்காகப் பிளந்த இரு பாதிகளில் ஒன்று கைபடாமல் இருக்கிறது. இன்னும் வராத கருவிகளுக்காகவும் அந்தப் பாதிகளை அப்படியே காத்துவருகிறீர்கள். அதற்கும் எங்கள் நன்றி.

அன்புடன்,
வங்கக் கடல் படிவு ஆய்வாளர்கள்