தீவைச் சுற்றும் நேர்த்திக்கடன்

அன்பு மச்சானுக்கு,

கிள்ளானில் நீ மகள் கல்யாண வேலையில் ஓடிக்கொண்டிருப்பாய். நான் இங்கே பினாங்கில் நிஜமாகவே ஓடிக்கொண்டிருக்கிறேன். லங்காவியில் நடக்கும் அயர்ன்மேன் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் 17 மணி நேரத்துக்குள். 47 வயதில் இது தேவையா என்று நீ கேட்பதற்கு முன்பே வீட்டில் கேட்டுவிட்டார்கள்.

அம்மா மட்டும் "யாருக்கு வேண்டிக்கிட்டே?" என்றார். தைப்பூசத்துக்கு விரதம் இருந்து தண்ணீர்மலை ஏறுவது மாதிரி ஒன்று என்று நினைத்துக்கொண்டார். நானும் மறுக்கவில்லை. அதிகாலை நாலு மணிக்குச் சமையலறையில் பாத்திரம் உருட்டினால் இப்போது யாரும் திட்டுவதில்லை.

நீச்சலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஜெல்லி மீனுக்குப் பயந்து பெரும்பாலும் குளத்தில்தான். என்னைப் படுத்துவது வயிறு.

போன மாதம் தீவை ஒரு சுற்றுச் சுற்றினேன். பத்து பெரிங்கி, தெலுக் பஹாங், அங்கிருந்து மேடேறி பாலிக் புலாவ், தெலுக் கும்பார் வழியாகத் திரும்பினால் 70 கிலோமீட்டர் சொச்சம். நல்ல வெயில். கெட்டிக்காரத்தனமாக வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனேன். பாலிக் புலாவ் தாண்டியதும் தலைவலி, குமட்டல். வயிறு பானை மாதிரி உப்பி, விரலில் மோதிரம் இறுகிவிட்டது. ஒரு டுரியான் கடைக் கொட்டகையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். எனக்குப் பிடித்த பழம்தான், அன்று அந்த வாசனையே ஆகவில்லை.

வியர்வையோடு உப்பும் போகிறது. அதற்கு ஈடாக வெறும் தண்ணீரை ஊற்றினால் இரத்தத்தில் மிச்சமிருக்கும் உப்பும் நீர்த்துப் போகும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாமல் சொட்டுகிறது, உடம்பு குளிராததால் இன்னும் வியர்க்கிறது. இப்போது கிளம்பும் முன்னும் வந்த பின்னும் எடை பார்க்கிறேன். முக்கால் லிட்டர் குடித்தும் இரண்டு மணி நேரத்தில் 2 கிலோ குறைந்திருந்தது. அப்படியென்றால் மணிக்கு ஒன்றேகால் லிட்டருக்கு மேல் போயிருக்கிறது!

சாப்பாடும் அப்படித்தான். பசிக்கட்டும் என்று காத்திருந்தால் காரியம் கெட்டது. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் 25 கிராம்தான் தேறும். கடையில் விற்கும் ஜெல் எனக்கு இருமல் மருந்தை நினைவூட்டுகிறது. அதனால் உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கு, பேரீச்சம்பழம், நாக்குக்கு ஆசாம் போய். சீனர் கடைப் புளிப்புப் பிளம் என்று சிரிக்காதே. அதன் உப்பு மேட்டில் தெய்வம் மாதிரி.

சைக்கிளிலிருந்து இறங்கியதும் ஓடிப் பழகுவதும் உண்டு. முதல் இரண்டு கிலோமீட்டருக்குக் கால் யாருடையதோ. பக்கத்து வீட்டுப் பாட்டி, "தம்பிக்கு வாதமா?" என்று என் மனைவியிடம் விசாரித்திருக்கிறார்.

கல்யாணத் தேதியைச் சீக்கிரம் சொல். பந்தயத்துக்கு முந்தின வாரமாக இருந்தால் வாழையிலை முன்னால் உட்கார்ந்து நான் கிராம் கணக்குப் பார்ப்பேன், சம்பந்தி வீட்டார் தப்பாக நினைக்கப் போகிறார்கள்.

அன்புடன்,
உன் தோட்டத்துத் தோழன்