வட ஆற்காட்டு வாசகர்கள் உதவ வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பதினான்கு பிள்ளைகள். பாட்டன் பூட்டன் எந்த ஊர் என்று கேட்டால் பாதிப்பேர் ‘மெட்ராஸ்’ என்பார்கள். கப்பலேறிய துறைமுகம் அது, ஊர் அல்ல.

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் இங்கே வந்தது முதல் 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்த ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். அவர்களுடைய கப்பல் பட்டியல்களை இப்போது இணையத்திலேயே பார்க்கலாம். பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், ஜில்லா எல்லாம் இருக்கும். சாதிக்கும் ஒரு கட்டம் உண்டு. அதை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. (முதலி ‘மூட்லி’ ஆகி, அதுவே இங்கே குடும்பப் பெயராகிவிட்டது வேறு கதை.)

அவரவர் முன்னோரைத் தேடி எழுத பலரும் சேர்ந்து எழுதக்கூடிய ஓர் இணைய அட்டவணை, கூகுள் ஷீட், தொடங்கி எல்லோரையும் அதில் சேர்த்தேன். மூன்றாம் வாரமே ஒரு கூத்து. அகர வரிசைப்படுத்துகிறேன் பேர்வழி என்று ஒரு பையன் பெயர்க் கட்டத்தை மட்டும் வரிசைப்படுத்திவிட்டான். அறுபத்துச் சொச்சம் பேருக்கும் ஒரே நொடியில் தகப்பன் மாறிப்போனார். எங்களில் யாரும் கவனிக்கவில்லை. பேத்தியின் போனில் பார்த்த ஓர் ஆயாதான், “எங்க தாத்தாவுக்கு அப்பா பேரு முனிசாமி, இது யாரு?” என்று கேட்டார். நல்லவேளை, பழைய பதிப்பை மீட்கும் வசதி அதில் இருக்கிறது.

உண்மையான சிக்கல் ஊர்ப்பெயர்தான். குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்து. குறிலா நெடிலா என்றும் தெரியாது. ஒரு வரியில் ‘வெலபாகம்’ என்று படிக்கும்படி இருக்கிறது, ஜில்லா வட ஆற்காடு. மேப்பில் தேடினால் ஆற்காட்டுப் பக்கம் விளாப்பாக்கம் வருகிறது. அதுதானா, அல்லது வேலப்பாக்கம் என்று ஏதாவது குக்கிராமமா? ஒரு மாணவி ஏஐயிடம் கேட்டாள். மூன்று தடவை கேட்டதற்கு மூன்று ஊரைச் சொன்னது, மூன்றையும் அடித்துச் சொன்னது. நானோ தூத்துக்குடிக்காரி, கல்யாணமாகி இங்கே வந்தவள். அந்தப் பக்கத்து ஊர்கள் எனக்குப் பிடிபடவில்லை.

இப்படி முப்பத்தொரு பெயர்கள் பாக்கி. வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கத்து வாசகர்கள், அதிலும் தபால்காரராகவோ கிராம அலுவலராகவோ இருந்து ஓய்வு பெற்றவர்கள், ஒருமுறை பார்த்துச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். ஷீட்டின் இணைப்பைத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன், கேட்பவர்களுக்குக் கொடுங்கள். ஓரத்தில் கருத்து எழுத மட்டுமே இப்போது அனுமதி வைத்திருக்கிறேன். யாருடைய தகப்பனையும் இனி மாற்ற முடியாது.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா