தடித்த எழுத்து இல்லையென்றால் இதயம் நலமா? பரிசோதனை நிலையங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

தனியார் ரத்தப் பரிசோதனை நிலையங்களையும் மருத்துவமனைகளின் முழு உடல் பரிசோதனைப் பிரிவுகளையும் நடத்தும் பெருமக்களுக்கு,

வணக்கம். ஈரோட்டுப் பக்கம் ஓர் ஊரில் 26 ஆண்டுகளாக ஆய்வக நுட்புநராக வேலை செய்கிறேன். காலை ஆறரை மணிக்கு வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டுவதில் தொடங்கி, ரத்தம் எடுத்து, குழாயில் பெயர் எழுதி, சுழற்றி, இயந்திரத்தில் ஏற்றி, மாலையில் அறிக்கையை உறையில் போட்டுக் கொடுப்பது வரை என் கை படாத வேலை இல்லை. நான் மருத்துவர் இல்லை. மருந்து எழுதும் தகுதி எனக்குக் கிடையாது. ஆனால் அந்த உறையைப் பிரிக்கிற கணத்தில் ஒருவருடைய முகம் எப்படி மாறுகிறது என்பதை நேரில் பார்ப்பவன் நான்தான்.

அவர்கள் அறிக்கையைப் படிப்பதில்லை, தடித்த எழுத்தைத் தேடுகிறார்கள். வரம்பைத் தாண்டிய எண்ணை மட்டும் தடித்த எழுத்தில், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியோடு அச்சிடும்படி நாம் மென்பொருளை அமைத்து வைத்திருக்கிறோம். அப்படி எதுவும் கண்ணில் படவில்லையென்றால் ஒரு பெருமூச்சு, பிறகு எதிரே இருக்கும் பேக்கரியில் தேநீரும் பஜ்ஜியும். இந்தப் பெருமூச்சைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், விசைத்தறிப் பட்டறை வைத்திருக்கும் 44 வயதுக்காரர் ஒருவர் ‘இதயப் பரிசோதனை பேக்கேஜ்’ என்று நாங்கள் விளம்பரப்படுத்தியதைப் பார்த்துவிட்டு வந்தார். மொத்தக் கொலஸ்ட்ரால் 196, டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு 145, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் 41, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் 126. “தடிச்ச எழுத்து ஒண்ணும் இல்லீங்களே?” என்று கேட்டார். “இல்லீங்க” என்றேன். நான் சொன்னது பொய்யன்று. அவருடைய சட்டைப் பையில் சிகரெட் பெட்டி இருந்ததை ரத்தம் எடுக்கும்போதே பார்த்திருந்தேன். ஆனால் அவருடைய தந்தை 48 வயதில் மாரடைப்பில் இறந்தவர் என்பதும், ரத்த அழுத்தத்தின் மேல் எண் 150 என்று தெரிந்தும் அவர் மாத்திரையைத் தொடராமல் விட்டிருந்தார் என்பதும், பதினொரு மாதம் கழித்து, மருத்துவமனையில் கேட்டார்கள் என்று பழைய அறிக்கையின் நகலை வாங்க அவர் மகன் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தன. பட்டறையிலேயே சரிந்து விழுந்திருக்கிறார். இரண்டு ஸ்டென்ட் வைத்துப் பிழைத்துவிட்டார். இதயத் தசையில் ஒரு பகுதி போனது போனதுதான்.

அந்த அறிக்கையில் எண் எதுவும் தவறில்லை. தவறு, அந்த எண்களுக்குப் பக்கத்தில் நாம் அச்சிட்டிருந்த வரம்பில் இருந்தது. சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் இயல்பு வரம்பு என்று ஒன்று உண்டு. அதற்குள் இருந்தால் கவலையில்லை. எல்டிஎல் அப்படிப்பட்டதன்று. அது எவ்வளவு இருக்கலாம் என்பது யாருடைய உடம்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அபாயம் குறைந்தவர்களுக்கு 100க்குக் கீழும், அபாயம் மிகுந்தவர்களுக்கு 70க்குக் கீழும், ஏற்கெனவே மாரடைப்பு கண்டவர்களைப் போன்ற மிக அதிக அபாயமுள்ளவர்களுக்கு 55க்குக் கீழும் எல்டிஎல் இருக்க வேண்டும் என்கிறது. நாங்களோ அமெரிக்காவில் 2001இல் வகுக்கப்பட்ட பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு, 126க்கு நேரே ‘ஏறத்தாழ உகந்தது’ என்று அச்சிட்டுக் கொடுத்தோம். பல நிலையங்களின் அறிக்கைகளில் இன்றும் அதே வாசகத்தைப் பார்க்கிறேன்.

ரத்தத்தை மட்டும் வைத்து இதய அபாயத்தைச் சொல்ல முடியாது என்பது புதிய செய்தியன்று. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948இல் ஐயாயிரத்துச் சொச்சம் பேரைச் சேர்த்துத் தொடங்கிய நெடுங்கால ஆய்விலிருந்து கிடைத்த பாடமே அதுதான்: வயது, பாலினம், புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அழுத்துகின்றன, தனித்தனியே பார்த்தால் சாதாரணமாகத் தெரியும் மூன்று எண்கள் ஓர் ஆளிடம் சேரும்போது சாதாரணமாக இருப்பதில்லை. இவற்றையெல்லாம் சேர்த்து, அடுத்த பத்தாண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை என்று சொல்லும் வண்ண அட்டவணைகளை உலக சுகாதார நிறுவனம் 2019இல் வட்டாரவாரியாகத் திருத்தி வெளியிட்டது. தெற்காசியாவுக்கென்று தனி அட்டவணையும் அதில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தக் காசு தர வேண்டியதில்லை. ஒரே ஒரு சிறு சிக்கல்: அதில் கொலஸ்ட்ரால் மில்லிமோலில் இருக்கும், நம் அறிக்கையில் மில்லிகிராமில் இருக்கும். நம் எண்ணை 38.67ஆல் வகுத்தால் தீர்ந்தது. பட்டறைக்காரரின் 196 அங்கே ஏறத்தாழ 5.1 ஆகும்.

அந்த அட்டவணையும் முழுமையானதன்று. அதில் தந்தைக்கு ஒரு கட்டம் இல்லை. 48 வயதில் தகப்பனைப் பறிகொடுத்தவரையும், 85 வயதுத் தகப்பனைத் தோட்டத்தில் நடக்க வைத்துக்கொண்டிருப்பவரையும் அது ஒன்றாகவே பாவிக்கும். அந்த இடத்தில்தான் ரத்தப் பரிசோதனைக்கு உண்மையான வேலை இருக்கிறது.

நார்வே நாட்டு மரபியல் ஆய்வாளர் கோரே பெர்க் 1963இல் கண்டறிந்த லிப்போபுரோட்டீன்-ஏ என்ற கொழுப்புத் துகளைச் சொல்கிறேன். எல்டிஎல்லைப் போன்றதே, ஆனால் மேலே ஒட்டிக்கொண்ட ஒரு புரதத்தோடு சேர்ந்தது. அதன் அளவு பெரும்பாலும் பிறப்பிலேயே, பெற்றோரிடமிருந்து வந்த மரபணுவால் தீர்மானமாகிவிடுகிறது. நடையாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் பெரிதாக மாறுவதில்லை. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் அபாயம் கூடுதல் என்று கொள்கிறார்கள். இந்தியர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அப்படித் தாண்டியிருக்கிறது என்றும், வயது வந்த ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒரு முறையாவது இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே 2024 வழிகாட்டுதல் சொல்கிறது. அதைக் குறைப்பதற்கென்றே உருவான மருந்துகள் இன்னும் ஆய்வில் இருப்பவைதான். ஆனாலும், அது அதிகம் என்று தெரிந்தவருக்கு மருத்துவர் மற்ற எல்லாவற்றையும், அதாவது எல்டிஎல்லையும் ரத்த அழுத்தத்தையும் சிகரெட்டையும், இன்னும் இறுக்கிப் பிடிப்பார். உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் பார்க்கச் சொல்வார். வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் பெரும்பாலோருக்குப் போதும் என்பதால்தான் நம் பேக்கேஜ்களில் அதற்கு மவுசு இல்லையோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. ஆண்டுதோறும் திரும்ப வராத பரிசோதனையை யார் விளம்பரப்படுத்துவார்கள்?

அதற்குப் பதிலாக நாம் சேர்த்தது ஹோமோசிஸ்டீன் என்ற, ரத்தத்தில் இருக்கும் ஓர் அமினோ அமிலத்தின் பரிசோதனை. அது கூடியவர்களுக்கு இதய நோய் அதிகம் காணப்பட்டது உண்மை. ஆனால் பி வைட்டமின்களைக் கொடுத்து அதைக் குறைத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2006இல் வெளியானபோது, ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் குறைந்திருந்தது, மாரடைப்பு குறையவில்லை. நம் ஊரில் இறைச்சி, மீன், முட்டை தொடாதவர்கள் பலருக்கு பி12 குறைவதால் இந்த எண் கூடிவிடும். அப்படித்தான் 29 வயதுப் பெண் ஒருவர், சிகரெட் இல்லை, சர்க்கரை இல்லை, குடும்பத்தில் யாருக்கும் இதய நோய் இல்லை, ‘இதய அபாயக் குறியீடு’ என்ற தலைப்பின்கீழ் ஒற்றைத் தடித்த எழுத்தைப் பார்த்துவிட்டு மூன்று வாரம் தூக்கமில்லாமல் கிடந்தார். பி12 குறைவுக்கு வைத்தியம் உண்டு, பார்க்கவும் வேண்டும். அதை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வைத்தது நம் தலைப்பு. உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் சிஆர்பி என்ற புரதமும் ஏறக்குறைய இதே கதைதான். சில மருத்துவர்கள் அதைத் தக்க காரணத்தோடு கேட்கிறார்கள், மறுக்கவில்லை, ஆனால் சளிக்காய்ச்சலிலும் பல் வீக்கத்திலும் ஏறிவிடும் ஒரு குறியீட்டை, “கடந்த இரண்டு வாரத்தில் காய்ச்சல் இருந்ததா?” என்றுகூடக் கேட்காமல் எடுத்து அச்சிடுவது முறையன்று.

கூடுதல் பரிசோதனை எதுவும் இல்லாமலே கிடைக்கும் ஓர் எண்ணும் இருக்கிறது. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழித்தால் வருவது; நாளத்தில் படியக்கூடிய கெட்ட கொழுப்பு அத்தனையும் அதில் அடக்கம். பட்டறைக்காரருக்கு 196இல் 41 போக 155. அபாயம் குறைந்தவருக்கே 130க்குக் கீழ் இருக்க வேண்டிய எண் அது. ஒரு கழித்தல் கணக்கை நாங்கள் போட்டிருந்தால் அவருடைய அறிக்கையில் ஒரு தடித்த எழுத்து இருந்திருக்கும்.

எல்டிஎல்லைப் பற்றியும் ஓர் உண்மையை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். பல நிலையங்களில் அது அளக்கப்படுவதில்லை, கணக்கிடப்படுகிறது: மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்கும் 1972ஆம் ஆண்டுச் சூத்திரம். டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது. சுழற்றி எடுத்த குழாயில் சீரம், அதாவது ரத்த அணுக்களுக்கு மேலே பிரிந்து நிற்கும் நீர், தெளிந்த வைக்கோல் நிறத்தில் நிற்பதற்குப் பதிலாக மோர் ஊற்றியது போல் வெளுத்து நிற்கும், பார்த்தவுடனே தெரியும். அந்த மாதிரிக்கும் மென்பொருள் சளைக்காமல் ஓர் எல்டிஎல் எண்ணைத் துப்புவதை நான் பார்த்திருக்கிறேன். கணக்கிட்டதா, நேரடியாக அளந்ததா என்பதை அறிக்கையில் எழுதுங்கள். வெறும் வயிறு என்ற கட்டாயத்தையும் கொஞ்சம் தளர்த்தலாம். கொழுப்புப் பரிசோதனைக்குப் பெரும்பாலோருக்கு அது தேவையில்லை என்பது இப்போது ஏற்கப்பட்ட கருத்து. டிரைகிளிசரைடு மிகவும் கூடியிருந்தால் மட்டும் மறுநாள் வெறும் வயிற்றோடு வரச் சொல்லலாம்.

இன்னொன்று, இது அபாயக் கணக்கு பற்றியதன்று என்றாலும் சொல்லாமல் விட முடியவில்லை. விடியற்காலையிலிருந்து நெஞ்சு அழுத்துகிறது என்று சொல்லிக்கொண்டே “ஹார்ட் அட்டாக் டெஸ்ட் எடுங்க” என்று நம் வரவேற்பு மேசைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது டிரோபோனின். அது இதயத் தசை இப்போது சேதமாகிறதா என்பதைக் காட்டுவது. வலி தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் எடுத்தால் ஒன்றும் காட்டாமலும் இருக்கலாம். அந்த மனிதரை வரிசையில் உட்கார வைத்து டோக்கன் கொடுக்கக் கூடாது. 108ஐ அழைத்து, ஈசிஜி எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். வரவேற்பில் உட்காரும் பிள்ளைகளுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்?

52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகளில், முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது தெற்காசியர்களுக்கு 53 ஆகவும் மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59 ஆகவும் இருந்தது. ஆறு ஆண்டுகள் முன்னதாக நோய் வருகிற மக்களுக்கு நாம் சேவை செய்கிறோம். ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான்: பேக்கேஜின் பெயரில் ‘இதயம்’ என்று போடுவதாக இருந்தால், ஊசி குத்துவதற்கு முன் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள்; புகைப்பழக்கத்தையும் பெற்றோர், உடன்பிறந்தோரின் இதய நோயையும் கேட்டு எழுதுங்கள்; அந்த விடைகளும் ரத்தத்தின் எண்களும் ஒரே பக்கத்தில் மருத்துவர் முன் போகட்டும். எல்டிஎல் 190ஐத் தாண்டியவருக்கு எந்த அட்டவணையும் வேண்டாம், அன்றைக்கே தொலைபேசியில் கூப்பிட்டு மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு ‘உங்கள் இலக்கு எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்’ என்று வரம்பு இருக்கும் இடத்தில் ஒரு வரி போதும்.

படிவத்தில் இடமில்லை என்று சென்ற மாதம் எங்கள் நிர்வாகத்தில் சொன்னார்கள். அளவுகோல் வைத்து அளந்து பார்த்தேன். பெயர், வயது, பாலினம், கைபேசி எண் ஆகிய நான்கு கட்டங்களுக்கும் கீழே ஒன்றரை அங்குலம் இருக்கிறது. இப்போது அங்கே அடுத்த பேக்கேஜின் தள்ளுபடி விளம்பரம் அச்சாகிறது.

இப்படிக்கு,
ஓர் ஆய்வக நுட்புநர்