எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு திகதி சொல்லுங்கள்

வடக்கில் அரச நியமனங்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும் யாழ்ப்பாண மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

வேலையில்லாப் பட்டதாரிகளின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 2017 இல் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் அவர்கள் வேலை கேட்டு மாதக்கணக்காகப் போராட்டம் இருந்ததை ஊரே பார்த்தது. ஆகவே பழையதை விட்டு, போன வாரம் நடந்ததை எழுதுகிறேன்.

என் மகள் யாழ். பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவள். ஒரு திணைக்களம் அவளை நேர்முகத்துக்கு அழைத்துச் சான்றிதழ்களைப் பார்த்தது. அதன்பிறகு ஒரு கடிதமும் இல்லை. போன வாரம் நேரில் போய்க் கேட்டாள். "மேலிடத்திலயிருந்து இன்னும் வரேல்லை, வந்தால் அறிவிப்பம்" என்றார்களாம். எப்போது வரும் என்று அவர்களுக்கும் தெரியாதாம்.

ஒரு விண்ணப்பம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் போட்டோக் கொப்பி, சமாதான நீதவானின் முத்திரை, கிராம சேவகரின் வதிவிடச் சான்று. அடுத்த விண்ணப்பம் வரும்போது அந்தச் சான்று பழசாகிவிடும், திரும்பவும் அலைய வேண்டும். வெள்ளிக்கிழமை வந்தால் அரச வேலை அறிவிப்புக்காக வர்த்தமானியைப் பார்க்கிறாள். பின்னேரங்களில் ரியூட்டரியில் கணக்குப் படிப்பிக்கிறாள். வயதெல்லை கிட்ட வந்துவிட்டது. நீங்கள் தாமதிக்கும் மாதங்களும் அவளுடைய வயதில்தான் சேர்கின்றன.

இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்க்கிறவன் அவளுடைய தம்பி. ஏஎல் படிக்கிறான். "அக்கா படிச்சு என்னத்தைக் கண்டவ?" என்று கேட்கிறான். வெளிநாடு போக ஐஇஎல்டிஎஸ் ஆங்கில வகுப்புக்குக் காசு கேட்கிறான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

என் அப்பா காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் எங்கள் கல்வீட்டுக்கு அத்திவாரம் போட்டார். 1990 இல் தொழிற்சாலையும் நின்றது, நாங்களும் இடம்பெயர்ந்தோம். கரண்ட் இல்லாத அந்த வருடங்களில் குப்பி விளக்கில் படித்தோம். அப்போதும், படித்தால் ஒரு வழி பிறக்கும் என்று நம்பினோம். செல்லடிக்குள் எங்களிடம் இருந்த அந்த நம்பிக்கை, 2009 இற்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளிடம் இல்லையே. இதற்கு யார் பொறுப்பெடுப்பது?

மேடைக்கு மேடை இளைஞர்களின் வெளிநாட்டு மோகத்தைப் பற்றி ஏசுகிறார்கள். அவர்களை இங்கே இருத்திவைக்க என்ன செய்தீர்கள்? வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன் தேர்தலுக்கும் திகதி இல்லை, எங்கள் பிள்ளைகளின் நியமனத்துக்கும் திகதி இல்லை. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்திலேயே கடவுச்சீட்டு அலுவலகம் திறந்தார்கள். வவுனியாவுக்கும் கொழும்புக்கும் அலையத் தேவையில்லை, நல்ல விடயம். வெளியே போகும் வழியை வீட்டுக்குக் கிட்டக் கொண்டுவர முடிந்ததென்றால், ஊரில் இருக்கும் வழியையும் கொண்டுவர முடியும்தானே?

குறை நினைக்காதீர்கள், கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன். எல்லோருக்கும் அரச வேலை தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. எத்தனை வெற்றிடம், எப்போது பரீட்சை, எப்போது முடிவு, எப்போது நியமனம் என்று முன்கூட்டியே திகதி குறித்து அறிவியுங்கள். தவறினால் காரணத்தை எழுத்தில் தாருங்கள். நீங்கள் தாமதித்த காலத்தை வயதைக் கணக்கிடும்போது கழித்துவிடுங்கள். இல்லையென்றால், வேலை இல்லை என்றே சொல்லிவிடுங்கள். பிள்ளை வேறு வழி பார்ப்பாள். தயவுசெய்து ஒரு திகதியைச் சொல்லுங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
வலிகாமத்திலிருந்து ஒரு தாய்