ஜாமீன் பத்தி நீ எழுதுனதுக்கு

மாப்ள,

லெட்டர் கிடைச்சுது. பேத்திக்குக் காதுகுத்து நல்லபடியா முடிஞ்சதுல சந்தோசம். எனக்கு சுகர் கொஞ்சம் கட்டுல இருக்கு, வீட்டுல அவளுக்குத்தான் மூட்டுவலி. சரி, ஊழல் கேஸ்ல மாட்டுனவனுக்கு கேஸ் முடியற வரைக்கும் ஜாமீனே குடுக்கக் கூடாதுன்னு சூடா எழுதியிருந்தியே, அதுக்கு வரேன்.

எனக்கு அது சரியாப் படல. தமிழ்நாட்டுல மந்திரியா இருந்த செந்தில் பாலாஜி கேஸையே எடுத்துக்கோ. 2023 ஜூன் 14ல அமலாக்கத்துறை புடிச்சுது, 2024 செப்டம்பர் 26ல சுப்ரீம் கோர்ட் ஜாமீன் குடுக்கறப்போ 471 நாள் உள்ள இருந்தாச்சு, மூணு நாலு வருசத்துல கூட விசாரணை முடியற மாதிரி தெரியலன்னு கோர்ட்டே சொல்லுது. அவர் மேல போட்ட பிஎம்எல்ஏ, அதான் கறுப்புப் பணத்த வெள்ளையாக்கறதத் தடுக்கற சட்டம், அதுல 45ஆம் பிரிவுன்னு ஒண்ணு, ஆளு குத்தவாளி இல்லைன்னு நம்ப காரணம் இருக்குன்னு ஜட்ஜுக்குத் தோணணுமாம், அப்பத்தான் ஜாமீன். சாட்சிய விசாரிக்கறதுக்கு முன்னாடியே தீர்ப்பு சொல்லச் சொன்னா எப்படி? அதுக்கு அடிப்படையா இருக்கற, போக்குவரத்துத் துறையில வேலைக்குக் காசு வாங்குன கேஸ்ல குற்றம் சாட்டப்பட்டவங்களே 2000 பேருக்கு மேல, சாட்சி 500, இத நடத்த கிரிக்கெட் ஸ்டேடியம்தான் வேணும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. பிஎம்எல்ஏல அவர் கேஸுக்கு அதிகபட்சத் தண்டனையே ஏழு வருசம்தான்டா, இந்த வேகத்துல போனா தீர்ப்பு வர்றதுக்குள்ள தண்டனையே முடிஞ்சிரும்.

என் வயித்தெரிச்சல் வேற இடத்துல. ஜாமீன்ல வந்து மூணாவது நாளே மறுபடி மந்திரி! தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒருத்தன் பவுடர் தடவுன நோட்ட வாங்கி மாட்டுனா, 48 மணி நேரம் காவல்ல இருந்தாலே சஸ்பெண்ட், பாதி சம்பளத்த பிழைப்பூதியம்னு குடுப்பாங்க. மந்திரிக்கு அப்படி எதுவும் இல்ல, உள்ள இருந்துக்கிட்டே எட்டு மாசம் இலாகா இல்லாத மந்திரி, 2024 பிப்ரவரியிலதான் ராஜினாமா. அவர் பண்ணாரா இல்லையாங்கறத கோர்ட் சொல்லட்டும், ஆனா மந்திரிக்கு எதிரா கூண்டுல ஏற எவனுக்கு தைரியம் வரும்? பணம் குடுத்தவங்ககூட ராஜியாயிட்டாங்கன்னு 2021ல ஹைகோர்ட் ரத்து பண்ணுன கேஸ்தான் இது, 2022ல சுப்ரீம் கோர்ட் திரும்ப எழுப்பி விட்டுச்சு. கடைசியில பதவியா ஜாமீனா முடிவு பண்ணுங்கன்னு கோர்ட் கேட்டப்புறம்தான் 2025 ஏப்ரல் 27ல இறங்குனாரு. அந்தக் கண்டிஷன மொத நாளே ஜாமீன் ஆர்டர்ல எழுதியிருந்தா என்னவாம்?

மந்திரி 30 நாள் தொடர்ந்து உள்ள இருந்தா பதவி தானாப் போகும்னு 2025 ஆகஸ்ட்ல ஒரு மசோதா கொண்டு வந்தாங்கல்ல, நீ அதுக்குக் கை தட்டுவேன்னு தெரியும். எனக்கு அதுவும் பயமாத்தான் இருக்கு, புடிக்காத ஆள ஒரு மாசம் ஜாமீன் கிடைக்காமப் பாத்துக்கிட்டா போதுமே.

நீ பெஞ்ச் கிளார்க்கா இருந்தவன், நீயே சொல்லு, இந்த மாதிரி கேஸ தினமும் நடத்தணும்னு மேல இருந்து ஆர்டர் வந்தா நடக்குமா, இல்ல அதுக்கும் வாய்தா போடுவீங்களா? தங்கச்சிய கேட்டதாச் சொல்லு.