உன் ஆமென்

ஏற்காடு,
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணு,

கர்த்தரின் கிருபையால் நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனை வைத்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் அப்பாவிடமிருந்து கடிதமா என்று நினைப்பாய். போனில் வாய்க்கு வராதது பேனாவுக்காவது வருமா என்று பார்க்கிறேன்.

வியாழக்கிழமை நல்ல மழை. இந்த வருடம் காப்பிப் பூவுக்கான மழை மிகவும் தாமதம். ஏப்ரல் பிறந்தும் மொட்டெல்லாம் கணுவுக்குக் கணு பச்சரிசி போல ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றன. இனி ஒரு வாரத்தில் தோட்டம் வெள்ளையாகிவிடும். ஓமலூர் அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ அனுப்பிய பணத்தில் ஓடு மாற்றியாகிவிட்டது.

மாத்திரையை நிறுத்திவிடாதே. காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

நீ ஹாஸ்டலுக்குப் போன நாளிலிருந்து, பன்னிரண்டு வருடமாக, ஞாயிற்றுக்கிழமை பேசி முடிக்கும்போது நான் ஜெபிப்பேன், நீ ஆமென் சொல்வாய். ஆகஸ்ட் மாதத்துக்குப் பிறகு அந்த ஆமென் வரவில்லை. நான் முடித்ததும் உன் வீட்டு மின்விசிறிச் சத்தம் கேட்கும். பிறகு "சரி அப்பா, வைக்கட்டுமா" என்பாய். முதல் சில வாரம் லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்கத்தான் விரும்பினேன்.

நீ கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டதை மாப்பிள்ளை சொல்லித்தான் அறிந்தேன். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. நீயே சொல்லியிருக்கலாம். ஆறாம் வகுப்பில், இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த காக்பர்ன் கலெக்டரைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியபோது, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்கே ஓடிவந்தாய். இருந்த இரண்டு மேஸ்திரிகளுக்கும் உரக்கப் படித்துக் காட்ட வைத்தேன். எல்லாவற்றையும் ஓடிவந்து சொன்ன பிள்ளை நீ. இதை மட்டும் ஏன் சொல்லவில்லை?

அங்கே ஜெபக்கூட்டத்தில் ஒரு அம்மாள், விசுவாசம் போதாததால்தான் ஆகஸ்டில் அப்படி ஆயிற்று என்று உன்னிடம் சொன்னாராமே. அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பவுல் அப்போஸ்தலர் தன் மாம்சத்தில் இருந்த முள்ளை எடுத்துப்போடச் சொல்லி ஆண்டவரிடம் மூன்று தரம் கேட்டார். முள் போகவில்லை, கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது. கெத்செமனே தோட்டத்தில், பாடுகளின் பாத்திரம் நீங்கட்டும் என்று ஆண்டவரே கேட்டார். பாத்திரம் நீங்கவில்லை. அவர்களுக்கும் விசுவாசம் போதவில்லையா? மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தால் அதையும் காதில் வாங்காதே. டாக்டர் சொன்னபடி சாப்பிடு.

இதுவரை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். அந்த அம்மாளைத் திட்டுவது எளிது. நான் செய்தது வேறு.

அம்மாவை ஜீப்பில் கீழே கொண்டுபோன இரவு நீ அத்தை வீட்டில் இருந்தாய். ஒரே மூடுபனி. இருபதாவது கொண்டை ஊசி வளைவில் பேரம் பேச ஆரம்பித்தேன். பீடியை விட்டுவிடுகிறேன் ஆண்டவரே. அடுத்த வளைவில், போனஸ் முழுவதும் காணிக்கை. அதற்கடுத்ததில், என் ஆயுசில் பாதி. அம்மாவின் தலை என் மடியில் ஆடிக்கொண்டே வந்தது. ஏழாவது வளைவுக்கு வரும்போது கொடுக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. பிறகு வெறுமனே எண்ணிக்கொண்டு வந்தேன். ஆறு, ஐந்து, நான்கு. ஆஸ்பத்திரி வாசலில் அவள் இல்லை.

மறுநாள் உன்னிடம், "கர்த்தருடைய சித்தம், அழாதே" என்றேன். உனக்குப் பதின்மூன்று வயது. அழவிட்டிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து பதினாறு வருடம் நான் ஜெபிக்கவில்லை, கண்ணு. முழங்காலில் நிற்பேன். இருபதிலிருந்து ஒன்று வரை எண்ணுவேன். எழுந்துவிடுவேன். கோயிலில் வேதபாடம் வாசித்தேன், கமிட்டியில் இருந்தேன், ஊருக்கு நான் பெரிய விசுவாசி. பரீட்சைக்கு ஜெபியுங்கள் அப்பா என்று நீ கேட்டபோதெல்லாம் சரி என்று சொல்லிவிட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். போனில் வாய் மட்டும் பழக்கத்தில் ஜெபம் சொன்னது. அந்த ஜெபங்களில் உண்மையாக இருந்தது உன் ஆமென் ஒன்றுதான்.

பச்சைப் பெட்டியில் அம்மாவின் ஜெபக்குறிப்பு நோட்டு இருக்கிறது. கிடைத்ததற்கெல்லாம் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருப்பாள். "பாப்பா பட்டம் வாங்க வேண்டும்" என்ற வரிக்குக் கோடு இல்லை. நீ பட்டம் வாங்கி வந்த அன்று இரவு நீல மையில் நான் போட்டேன். அவள் கேட்டது, அவள் போன பிறகு வந்தது. அன்றைக்கும் எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை.

ஆகஸ்டில் மாப்பிள்ளை போன் செய்த இரவு முழங்காலில் நின்றேன். எண்ணிக்கை வரவில்லை. "என் பிள்ளை" என்றுதான் வந்தது, திரும்பத் திரும்ப அதுவே. நான் கேட்டது கிடைக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஆண்டவர் கேட்டுக்கொண்டிருந்தார். அதை நான் நம்புகிறேன். அந்த இரவு முதல் ஒரு நாளும் ஜெபிக்காமல் படுத்ததில்லை.

வேதத்தில் சங்கீதம் 88 எடுத்துப் பார். பதினெட்டு வசனமும் அழுகைதான். ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கர்த்தரிடமே கேட்கிறான். முடிவில் ஸ்தோத்திரம் இல்லை, ஆமென் இல்லை. இத்தனை வருடம் வாசித்தும் இது என் கண்ணில் படவில்லை. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள், வெட்டி எறியவில்லை. அதற்கு அடுத்த சங்கீதம் முடியும் இடத்தில் ஆமென், ஆமென் என்று இரண்டு முறை இருக்கிறது. ஒன்று முந்தினதற்கும் சேர்த்து என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். படித்தவர்கள் வேறு சொல்வார்கள்.

நீ ஆமென் சொல்ல வேண்டாம். வரும்போது வரட்டும். பன்னிரண்டு வருடம் என் வெறும் வார்த்தைகளுக்கு நீ சொன்னாய், இனி உனக்கும் சேர்த்து நான் சொல்லிக்கொள்கிறேன். நான் ஜெபிக்கும்போது போனை மட்டும் வைத்துவிடாதே. அந்த மின்விசிறிச் சத்தம் கேட்டால் போதும்.

மிளகு இரண்டு கிலோ காய வைத்திருக்கிறேன். அத்தை மகன் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். மாத்திரையை மறக்காதே.

அப்பா