ஒருவர் விலகினார், தலைமை கைமாறியது

ஐயா, அமெரிக்க இடைக்காலத் தேர்தல் குறித்த தலையங்கம், யாருக்கு எத்தனை இடம் என்பதோடு நின்றுவிட்டது. அங்கே மசோதாக்களை ஆராயும் நாடாளுமன்றக் குழுக்களின் தலைமையும், எந்த மசோதா விவாதத்துக்கு வரும் என்பதும் பெரும்பான்மைக் கட்சியின் கையில்தான். 2001-இல் சரிபாதியாகப் பிரிந்திருந்த செனட் சபையில், வெர்மான்ட் உறுப்பினர் ஜிம் ஜெஃபர்ட்ஸ் குடியரசுக் கட்சியிலிருந்து விலகியதும் பெரும்பான்மைத் தலைவர் பதவியும் குழுக்களும் ஜனநாயகக் கட்சியின் பக்கம் போயின. தேர்தலே நடக்கவில்லை! (சுயேச்சையான அவருக்கும் சுற்றுச்சூழல் குழுத் தலைமை கிடைத்தது.)

கட்சி முத்திரை வாக்காளரிடமே தொடங்கிவிடுகிறது. பென்சில்வேனியாவில் வசிக்கும் என் மகள், பதிவுப் படிவத்தில் கட்சி எதையும் குறிக்காததால், வேட்பாளரைத் தேர்வுசெய்யும் முதற்கட்டத் தேர்தலில் வாக்களிக்க முடியவில்லை. அமெரிக்கச் செய்திகளில் செனட் உறுப்பினரின் பெயரோடு அவரது கட்சி, வகிக்கும் குழுப் பொறுப்பு ஆகியவற்றையும் தாங்கள் குறிப்பிடலாம்.

– ஒரு வாசகர், திருச்சி